ஜியோகேச்சிங்: மூடியில் எழுத ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஜியோகேச்சிங்’ என்ற விளையாட்டைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நாகர்கோவில் நண்பர் நம் மின்னஞ்சல் மடற்குழுவில் கேட்டதிலிருந்து நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: புவிப்புதையல், புவிப்பதுக்கல், மறைபொருள் வேட்டை, இடங்காண் ஆட்டம். இவற்றில் முதல் சொல்லை நான் ஏற்கெனவே ஒரு வருடம் புழங்கியிருக்கிறேன். ஒரு டப்பாவின் மூடியில் அதைப் பெரிதாக எழுதியும் வைத்தேன். அப்புறம் நடந்ததைச் சொன்னால் இந்த விவாதத்துக்கு உதவும்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒருவர் ஒரு டப்பாவில் நோட்டும் பென்சிலும் போட்டு எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் அந்த எண்களைக் கைப்பேசியில் போட்டுத் தேடிப் போவார்கள். டப்பாவைக் கண்டுபிடித்தால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே சின்னப் பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதே மதிப்பில் இன்னொன்றை வைக்கலாம்.

அண்ணன், தங்கை, நான் என்று எங்களுடையது மூன்று குடும்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் ஒளித்து வைக்கும், மற்ற இரண்டும் தேடும். காலையிலேயே மரச்சீனிக்கிழங்கை அவித்து, மீன்கறியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். மாத்தூர், உதயகிரிக் கோட்டைப் பக்கம், மருந்துவாழ் மலை அடிவாரம் என்று பிள்ளைகளுக்குக் கன்னியாகுமரி மாவட்டமே இப்படித்தான் பழக்கமானது.

தங்கை வீட்டுக்காரருக்குக் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் விளை உண்டு. அதன் ஓரத்தில் இரண்டு பாறை சேர்கிற இடுக்கில்தான் அந்த டப்பாவை வைத்தோம். மூடியில் என் மகள் ‘புவிப்புதையல்’ என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டினாள். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், பாறையைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தது. ஒரு ரப்பர் மரத்தின் வேர் இரண்டாக வெட்டுப்பட்டு வெள்ளையாகப் பால் வடிந்து காய்ந்திருந்தது. டப்பா திறந்து கிடந்தது. நோட்டு மழையில் ஊறிப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயிருந்தது. முட்டம் கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்கி உள்ளே போட்ட சிப்பிகள் மண்ணில் சிதறிக் கிடந்தன. மகள் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து மொட்டைமாடியில் கல் வைத்துக் காயவைத்தாள். பென்சில் எழுத்து அழியவில்லை.

தோண்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ‘புதையல்’ என்று நாங்கள்தானே எழுதி வைத்தோம்! புதையல் என்றால் தோண்டத்தான் செய்வார்கள். அந்தச் சொல்லின் வேரே ‘புதை’. ஆனால் இந்த விளையாட்டின் முதல் விதிகளில் ஒன்று, மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது. சட்டத்திலும் புதையலுக்குத் தனிப் பொருள் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இத்தனை கனமான சொல்லைப் பிள்ளைகளின் டப்பாவில் ஏற்றக் கூடாது.

ஆகவே என் கருத்து இதுதான். இந்தச் சொல்லை அகராதியில் ஏற்றுவதற்கு முன் ஒரு டப்பாவின் மூடியில் எழுதிப் பார்க்க வேண்டும். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், பால்வெட்டப் போகிறவரோ மாடு மேய்ப்பவரோ ரோந்து வரும் காவலரோ, அதைப் படித்தால் பயப்படவும் கூடாது, ஆசைப்படவும் கூடாது.

இந்தக் கண்ணோடு மற்ற சொற்களையும் பாருங்கள். ‘பதுக்கல்’ என்றதும் ரேஷன் அரிசியும் மண்ணெண்ணெயும்தான் நினைவுக்கு வரும். இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 மே 2 அன்று நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் வரை தப்பிய கருவிகள் ஒரே நாளில் பல மடங்கு துல்லியமாயின. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களைப் போட்டு ஒளித்து வைத்து, அதன் எண்களை இணையத்தில் வெளியிட்டார். விளையாட்டு பிறந்தது அப்படித்தான். முதலில் அதை ‘ஸ்டாஷ்’ என்ற சொல்லால் அழைத்தார்கள். கள்ளத்தனமாகப் பதுக்கிய சரக்கு என்ற வாடை அதில் அடித்ததால், அதே மாதம் 30ஆம் தேதி மேட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேச்சிங்’ என்ற சொல்லை முன்வைத்தார். அவர் அதை எழுதியதும் நம்முடையதைப் போன்ற ஒரு மடற்குழுவில்தான். அவர்கள் கழித்துக்கட்டிய வாடையை நாம் ‘பதுக்கல்’ என்று திரும்பக் கொண்டுவர வேண்டுமா?

‘மறை’ நல்ல சொல். ஆனால் எங்கள் மாவட்டத்தில் மறைமாவட்டம், மறைக்கல்வி, மறையுரை என்று அது தினமும் கிறிஸ்தவ சமயப் பொருளில் புழங்குகிறது. ‘மறைபொருள்’ என்று எழுதிய டப்பாவைக் கண்டால் யாராவது பக்கத்துக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். ‘இடங்காண் ஆட்டம்’ என்பதில் ஒளித்து வைப்பதே இல்லை.

‘ஜியோகேச்சிங்’ என்பதில் உள்ள ‘கேஷ்’ (cache) என்ற சொல்லின் வேர், ஒளித்து வைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். நம் பிள்ளைகளும் ‘ஒளிச்சு வை’ என்றுதான் சொல்கிறார்கள். களியக்காவிளை தாண்டினால் மலையாளத்திலும் ‘ஒளி’தான், அங்கே கண்ணாமூச்சிக்குப் பெயர் ஒளிச்சுகளி. ஒரே சிக்கல், தமிழில் ஒளி என்றால் வெளிச்சமும் ஆகும். ‘ஒளிப்பெட்டி’ என்றால் விளக்குப் பெட்டி என்றே படிப்பார்கள். ‘ஒளிவு’ என்று ஆக்கிவிட்டால் அந்த மயக்கம் போய்விடுகிறது. ஒளிவு மறைவு இல்லாத ஆள் என்கிறோமே, அங்கே வெளிச்சத்தை யாரும் நினைப்பதில்லை.

எனவே டப்பாவுக்கு ‘ஒளிவு’, விளையாட்டுக்கு ‘ஒளிவுத்தேடல்’.

‘புவி’ எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றுதான் விட்டேன். எங்கள் பக்கம் அட்சரேகை 8 பாகை (டிகிரி) 15 கலை (நிமிடம்). கலையில் மூன்று தசமம் வரை எழுதுவது வழக்கம். ஒரு கலை 1,852 மீட்டர் என்றால் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடுவது 1.85 மீட்டர், ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். ஆனால் கைப்பேசி திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் தப்பும். ரப்பர் மரங்களுக்கு அடியில் போனால் அம்பு நிலைகொள்ளாமல் அலையும். செயற்கைக்கோள் அந்தப் பாறை வரைக்கும் கொண்டுவிடும். அதற்குப் பிறகு கண்ணும் கையும்தான். இப்போதுதான் பெயர்த்து வைத்த மாதிரி இருக்கும் கல், இயற்கையாக விழாத சருகு, இதையெல்லாம் பார்க்கப் பழகுவதுதான் விளையாட்டு. அது ‘தேடல்’ என்ற சொல்லில் இருக்கிறது, ‘புவி’யில் இல்லை.

தக்கலையிலிருந்து அன்புடன்.

*

மறுமொழி, கருங்கலிலிருந்து:

தம்பிக்கு,

வேர் வெட்டுப்பட்ட மரத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

‘ஒளிவு’ எனக்குச் சம்மதம். ‘தேடல்’ என்பதில் கொஞ்சம் தயக்கம். இப்போது அந்தச் சொல்லை இணையத்தில் தேடுவதற்கே எழுதிவிட்டார்கள். நாற்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் இன்னொரு சொல்லை முன்வைக்கிறேன்: கரந்துறை. கரத்தல் என்றால் ஒளிதல், உறைதல் என்றால் தங்குதல். ராகுவையும் கேதுவையும் கரந்துறை கோள்கள் என்பார்கள். சித்திரகவியில் கரந்துறைச் செய்யுள் என்றே ஒரு வகை இருக்கிறது. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள்ளே வேறொரு பாட்டு தங்கியிருக்கும். தேடி எடுக்க வேண்டும். இவ்வளவு பொருத்தமான சொல் சும்மா கிடக்கிறது. விளையாட்டின் வழியாகப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டால் நல்லதுதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் விளையாடுவோம். மணலை ஒரு முழ நீளத்துக்கு வரப்பு மாதிரி குவித்து, அதற்குள் ஒரு சின்னக் குச்சியை ஒளித்து வைப்போம். எதிரே இருப்பவர் இரண்டு கையையும் கோத்து, குச்சி இருப்பதாக நினைக்கும் இடத்தில் பொத்த வேண்டும். கைக்குள் அகப்பட்டால் வெற்றி. உங்கள் விளையாட்டு எனக்குப் புதிதாகவே தோன்றவில்லை. மணல் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

எண்களுக்கு ‘ஆயத்தொலைவு’ என்றே எழுதுங்கள். பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் ஆயத்தொலை வடிவியல் இருக்கிறது. ஈழத்து நண்பர்கள் ‘ஆள்கூறு’ என்பார்கள், அதுவும் சரியே.

*

ஐயா, வணக்கம்.

மகளிடம் சொன்னேன். கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தை அன்று சாயங்காலமே சங்குத்துறைக் கடற்கரையில் விளையாடிப் பார்த்துவிட்டாள்.

கரந்துறை என்ற சொல் இரண்டு நாளாக என்னை விடவில்லை. ஆனால் மூடியில் எழுதி, எங்கள் தெருவில் ஐந்தாறு பேரிடம் காட்டினேன். ஒருவருக்கும் புரியவில்லை. கடைசி எழுத்தைப் பார்த்து, ஏதோ அரசாங்கத் துறையின் பெயர் என்று ஒருவர் நினைத்தார். மூடிக்கு அது ஆகாது. ஆனால் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஒளிவுகளில் ஒரு வகையில், வெளியிடும் ஆயத்தொலைவு உண்மையானதே அல்ல. கூடவே ஒரு புதிர் இருக்கும். அதை விடுவித்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு மாதிரி, ஓர் இடத்துக்குள் இன்னோர் இடம். அந்த வகைக்கு ‘கரந்துறை ஒளிவு’ என்று வைக்கலாம். ஆங்கிலத்தில் அதற்குப் புழங்கும் பெயரைவிட இது பொருளை நன்றாகச் சொல்கிறது.

இதைத் தொட்டே மற்ற வகைகளும் அமைந்துவிடுகின்றன. கொடுத்த இடத்திலேயே டப்பா இருந்தால் நேரொளிவு. ஓர் இடத்தில் கிடைக்கும் குறிப்பு அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனால் தொடரொளிவு. மாத்தூரில் நாங்கள் செய்தது அதுதான். 1966இல் கட்டிய அந்தத் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். கீழே ஆற்றங்கரையில் நின்று தூண்களை எண்ணி, வருகிற எண்ணை அட்சரேகைக் கலையின் தசமத்தில் முதல் இரண்டு இலக்கமாகப் போட வேண்டும் என்பது அண்ணன் வைத்த குறிப்பு. என் மகன் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஒன்றை விட்டுவிட்டு 27 என்றான். எல்லாரும் அந்த எண்ணை நம்பி ஒரு வாழைத்தோட்டத்தின் வேலி ஓரத்தில் முக்கால் மணி நேரம் தேடினோம். திரும்பி வந்து எண்ணினால் 28. பாலத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அன்றைக்குத்தான் ஒவ்வொரு தூணாகப் பார்த்தோம்.

டப்பாவே இல்லாமல், ஒரு பாறையையோ மண்ணையோ பார்த்துக் கேள்விக்குப் பதில் சொல்லும் வகையும் உண்டு. அதற்கு ‘நிலப்பாடம்’ போதும். மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று இல்மனைட் என்ற கறுப்புத் தாதுவைப் பற்றிப் படிக்கவைக்கலாம். சிதறால் மலையில் நாங்கள் இதை மட்டும்தான் செய்கிறோம். சமணச் சிற்பங்கள் இருக்கிற, தொல்லியல் துறை பாதுகாக்கிற இடத்தில் டப்பா வைப்பது முறையல்ல. கோயில் வாசல், கன்னியாகுமரி படகுத்துறை, ரயில் நிலையம் போன்ற இடங்களிலும் கண்டிப்பாக வைக்கக் கூடாது. கேட்பாரில்லாமல் கிடக்கும் டப்பா அங்கே பெரிய பயத்தை உண்டாக்கும். மற்ற இடங்களிலும் உள்ளிருப்பது வெளியே தெரிகிற டப்பாதான் நல்லது.

‘தேடல்’ பற்றி உங்கள் தயக்கம் நியாயம். வீட்டில் கவனித்துப் பார்த்தேன். பிள்ளைகள் முழுச்சொல்லைச் சொல்வதே இல்லை. “இந்த ஞாயிறு ஒளிவுக்குப் போலாமா?” என்றுதான் கேட்கிறார்கள். தசராவுக்குப் போகிறோம், கோயில் கொடைக்குப் போகிறோம் என்பது போல. எனவே எழுத்தில் ஒளிவுத்தேடல், பேச்சில் ஒளிவு. டப்பாவுக்கு டப்பா மாறி ஊர் ஊராகப் போகிற எண் பொறித்த தகட்டுக்கு ‘ஊர்சுற்றி’ என்று தங்கை பெயர் வைத்திருக்கிறாள். எனக்கு அதை மாற்ற மனமில்லை.

குலசேகரத்து டப்பாவை மறுபடி வைத்துவிட்டோம், அதே பாறை இடுக்கில். மூடியில் இப்போது எழுதியிருப்பது இது:

“ஒளிவுத்தேடல். இது பிள்ளைகள் விளையாட்டு. உள்ளே நோட்டும் பென்சிலும் சிப்பியும் மட்டுமே. திறந்து பார்க்கலாம். பெயர் எழுதிவிட்டு இங்கேயே வையுங்கள்.”

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். மண் அசையவில்லை. நோட்டில் விளையில் பால்வெட்டுகிறவரின் கையெழுத்து, தேதியோடு இருந்தது. அதற்குக் கீழே நாங்கள் அறியாத இரண்டு பெயர்கள்.

இவர்களைத் தேடியவர்கள் என்று சொல்ல முடியாது. தேடாமலே கண்டவர்கள். ஆங்கிலத்தில் விளையாட்டுக்கு வெளியே இருப்பவரைக் குறிக்க ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அதில் அவரை விலக்கி நிறுத்தும் தொனி உண்டு. எனக்கு அது வேண்டாம். ‘எதிர்ப்பட்டவர்’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் சின்னதாக, மரியாதை குறையாமல் ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அடுத்த டப்பா தேங்காய்ப்பட்டணம் பக்கம், அண்ணனின் கூட்டாளி ஒருவர் தோப்பில் வைக்கிறோம். அதற்குள் கிடைத்தால் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடலாம்.