குப்புறப் பறக்கிற கோஸ்டர்: எது தள்ளுது?

உப்புவெளியான்:
வணக்கம். திருகோணமலையில வள்ளங்களின்ர எஞ்சின் பாக்கிறது என்ர தொழில். வாற கோடையில ஜேர்மனியில கொலோனில இருக்கிற தங்கச்சி வீட்டை போறன். பக்கத்தில புறூலில பான்டாசியாலாண்ட் எண்டு ஒரு பூங்காவாம். அங்க 'ஃப்ளை' எண்ட ரோலர் கோஸ்டரில மாமாவும் வரவேணும் எண்டு மருமோன் இப்பவே அரியண்டம் தாறான். உயரம் எனக்குப் பயமில்லை, இராவணன் வெட்டடியில நிண்டு கடலை எட்டிப் பாத்து வளந்தவன். ஆனா வீடியோவில மேல இழுக்கிற செயினையே காணேல்லை. எது தள்ளுது? கரண்ட் போனா? ஏறின உடனயே குப்புறத் தொங்கவேணுமோ?

கொலோன் அக்கா:
இல்லைத் தம்பி, ஏறேக்க சாதாரணமா இருந்துதான் ஏறுறது. வெளிக்கிட்ட பிறகு இருட்டுக்குள்ள சீற் தானாத் திரும்பி முகம் கீழ போகும். பிறகுதான் பாய்ச்சல். நீராவிக் காலத்துப் பட்டினம் மாதிரி 'ரூக்பர்க்' எண்டு கட்டி வைச்சிருக்கினம். தண்டவாளம் அந்தக் கட்டடங்களுக்கு இடையால சுத்திச் சுத்திப் போகுது, அங்கயே ஒரு ஹோட்டலும் இருக்கு. போன், சில்லறை ஒண்டும் கொண்டு ஏறேலாது, லாக்கரில வைக்கவேணும்.

வயர்மன்:
அண்ணை, மின்காந்தம். மோட்டரை வெட்டி நீட்டாப் படுக்க வைச்சது எண்டு நினையுங்கோ: தண்டவாளத்தில கம்பிச்சுருள், ரயிலில காந்தம். இதில ரெண்டு இடத்தில தள்ளு விழும், 78 கிலோமீற்றர் வேகம், 1,236 மீற்றர் நீளம். வெக்கோமா எண்ட நெதர்லாந்துக் கம்பனி செய்தது, 2020 செப்டெம்பரில திறந்தது. செயின் இல்லாமல் இப்பிடித் தள்ளுற பறக்கும் கோஸ்டர் உலகத்திலயே இதுதான் முதல். அதே கம்பனி 2000இல கலிபோர்னியாவில செய்ததில சனம் மல்லாக்கப் படுத்தபடி செயினில ஏறி, மேல போய்த்தான் புரண்டது. கரண்டுக்குப் பயப்பிடாதேங்கோ. இந்த மாதிரிக் கோஸ்டர்களில பொதுவா நிரந்தரக் காந்த பிறேக்தான், அதுக்கு மின்சாரமே வேண்டாம்.

உப்புவெளியான்:
மோட்டரை நீட்டின கதை விளங்குது, நன்றி தம்பி. அப்ப ஏறுவம்.

கொலோன் அக்கா:
மருமோன் எவ்வளவு உயரம்? 1.40 மீற்றர் இல்லாட்டி விடமாட்டினம்.

உப்புவெளியான்:
தங்கச்சியிட்டைக் கேட்டன். 1.37 ஆம். பொடியன் கேட்டிட்டு இப்ப கதவு நிலையில தொங்கிக்கொண்டு நிக்கிறானாம்.