முதல் ஆண்டு தங்குவதற்கு ஸ்கார்பரோ பேஸ்மென்டா, ஸ்பெடைனா அறையா?

காவிரிக்கரை:
வரும் செப்டம்பரில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜார்ஜ் வளாகத்தில் முதுநிலைப் படிப்பில் சேரவிருக்கிறேன். இரண்டு அறைகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று ஸ்கார்பரோவில், மார்க்கம் சாலையை ஒட்டி, ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு பேஸ்மென்டில் (நிலத்தடித் தளத்தில்) மாதம் 750 டாலருக்கு; சமையலறை அவர்களுடன் பொது. மற்றொன்று வளாகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், ஸ்பெடைனா பக்கம், வேறு மூன்று மாணவர்களோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் 1,150 டாலருக்கு. புது ஊரில் நம்மவர் வீடுதான் பாதுகாப்பு என்கிறார் அப்பா. அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்.

வன்னித்தும்பி:
தம்பி, உங்கள் தந்தையார் சொல்வதே சரி. ஸ்காபரோவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் மாணவர்கள் வாடகைக்கு இருந்திருக்கிறார்கள். முதல் சில மாதங்களில் ஒரு பிள்ளை தடுமாறுவது பாடத்தில் அல்ல. வேலை செய்யத் தேவையான சின் இலக்கம் எங்கே எடுப்பது, குளிரங்கி எப்போது வாங்குவது, காய்ச்சல் வந்தால் கஞ்சி யார் வைப்பது என்பவற்றில்தான். ஒரு மாரியில் எங்கள் வீட்டுப் பிள்ளை பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, அவசர சிகிச்சைப் பிரிவில் ஏழு மணி நேரம் கூட இருந்தவர் என் மனைவி. வெளிநாட்டு மாணவர்களுக்கு மாகாணத்தின் ஓஹிப் மருத்துவக் காப்புறுதி இல்லை, பல்கலைக்கழகத்தின் யூஹிப் காப்புறுதிதான் என்பதும் அதன் அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதும் அந்தப் பிள்ளைக்கு அன்றுதான் தெரிந்தது. பணத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பர் முதல் படிப்பு அனுமதிக்குக் கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகை 22,895 டாலர், அதை ஜி.ஐ.சி. என்ற வங்கி வைப்பாகக் கட்டினாலும் வங்கி ஒரேயடியாகத் தராது, தவணை தவணையாகத்தான் விடும். முதல் மாத வாடகையையும் கடைசி மாத வாடகையையும் சேர்த்து 2,300 டாலரை ஸ்பெடைனாவில் கொடுத்துவிட்டால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

பனிக்காலம்:
ஸ்கார்பரோவில் வாடகையில் மிச்சமாகும் அந்த 400 டாலரையே கணக்குப் பார்ப்போம். நகரப் பேருந்தையும் சுரங்க ரயிலையும் நடத்தும் டி.டி.சி.யின் மாணவர் மாதச் சீட்டு 2025இல் 128.15 டாலர், அதைக் கழித்தால் மீதி ஏறக்குறைய 272. மார்க்கம் சாலையிலிருந்து 102ஆம் எண் பேருந்தில் வார்டன் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து சுரங்க ரயிலில் செயின்ட் ஜார்ஜ் வர எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. போக வர இரண்டரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் மாதத்துக்கு ஐம்பது மணி நேரம். அதாவது உங்கள் நேரத்தை மணிக்கு ஐந்தரை டாலருக்கு விற்கிறீர்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் குறைந்தபட்சக் கூலியே 17 டாலருக்கு மேல்.

பேஸ்மென்ட் என்றால் என்ன என்பதையும் ஊரிலிருந்து வருபவருக்குச் சொல்லிவிட வேண்டும். என் அறையின் சன்னல் புல்தரை மட்டத்தில் இருந்தது. பெரும்பனி பெய்த மறுநாள் கண்ணாடி முழுவதும் வெள்ளையாக மூடிக்கொள்ளும். காலை பத்து மணிக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் பல் துலக்க வேண்டும். நம்மவர் வீடு என்ற பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். ஆய்வகத் தோழிகளோடு சாப்பிட்டுவிட்டு ஒருநாள் இரவு பதினொன்றுக்கு வீடு திரும்பினேன். நான் காலுறையைக் கழற்றுவதற்குள் அந்தச் செய்தி திருச்சியில் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வன்னித்தும்பி:
கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை, தங்கச்சி. வகுப்பு நடக்கும் காலத்தில் வெளிநாட்டு மாணவர் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது 2024 நவம்பரிலிருந்து உள்ள விதி. அதற்கு மேல் மிஞ்சுகிற நேரத்தைச் சட்டப்படி வெளியே விற்க முடியாதபோது, அதற்குக் கூலி போட்டுப் பார்ப்பதில் என்ன பயன்? வார்டன், சுரங்க ரயில் பாதையின் கிழக்கு முனையிலிருந்து இரண்டாவது நிலையம் என்பதால் பெரும்பாலும் இருக்கை கிடைக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளை அந்த அரை மணி நேரத்தில்தான் தன் கட்டுரைகளைப் படித்து முடித்தார். தாயாருக்குத் தொலைபேசி எடுத்தது தவறுதான். நானும் ஒருமுறை எடுத்திருக்கிறேன்.

படிக்கட்டு:
நீங்கள் இருவரும் வாடகையையும் பேருந்தையும் பற்றியே பேசுகிறீர்கள். "சமையலறை அவர்களுடன் பொது" என்று கேள்வியிலேயே இருக்கிற மூன்று சொற்களை யாரும் கவனிக்கவில்லை. வாடகைத் தகராறுகளில் சிக்கும் மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன், அதனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, அதே வீட்டில் வசிக்கும் உரிமையாளரோடோ அவருடைய துணைவர், பிள்ளை, பெற்றோரோடோ சமையலறையை அல்லது குளியலறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. பிப்ரவரி மாதத்தில், சமையல் வாடை குறித்த சண்டையில், நான்கு நாளில் வெளியேறு என்று சொல்லப்பட்ட ஒரு மாணவருக்காக அலைந்திருக்கிறேன்; வீட்டுக்காரரும் நம்மவர்தான், வாடகைத் தகராறுகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போக வழியே இருக்கவில்லை.

அதற்காக ஸ்பெடைனா அறை பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன். வீட்டுக்காரரோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டால்தான் அந்த உரிமைகள் வரும். அங்கிருக்கும் ஒரு மாணவர் தன் பெயரில் வீட்டை எடுத்து மற்றவர்களிடம் பங்கு வாங்குகிறார் என்றால், நீங்கள் அவருடைய அறைத்தோழர் மட்டுமே. ஒப்பந்தம் மாகாண அரசின் மாதிரிப் படிவத்தில் இருக்க வேண்டும். முன்பணமாகக் கடைசி மாத வாடகையைக் கேட்கலாம். சேதாரத்துக்கென்று தனியாக வைப்புத்தொகை கேட்பது சட்டவிரோதம்.

பனிக்காலம்:
நான் சொல்ல வந்ததும் இதுதான். உறவு முறை சொல்லி அழைப்பவர் வீட்டில் ஒப்பந்தத்தைப் பற்றி வாயே திறக்க முடியாது.

வன்னித்தும்பி:
தீர்ப்பாயத்தில் விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பிள்ளை எங்கே படுப்பது? கடைசியில் எங்களைப் போன்ற ஒரு வீட்டில்தான்.

காவிரிக்கரை:
அனைவருக்கும் நன்றி. இரண்டு இடங்களிலும் விசாரித்துவிட்டேன். படிக்கட்டு ஐயா ஐயப்பட்டது போலவே ஸ்பெடைனா வீடு இன்னொரு மாணவரின் பெயரில்தான் இருக்கிறது. முதல் மாதம், கடைசி மாதம், அதற்கு மேல் சேதாரத்துக்கு 500 டாலர், அத்தனையும் இன்று இரவே இ-டிரான்ஸ்ஃபரில் வேண்டும் என்றார். அறையை வீடியோவில் காட்டச் சொன்னபோது பதில் வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். ஸ்கார்பரோ வீட்டுக்காரரிடம் தயங்கித்தான் பேசினேன்: டிசம்பர் வரை மாத வாடகை, யார் விலக நினைத்தாலும் அறுபது நாள் முன்னறிவிப்பு, இரண்டையும் எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார். பதிலுக்கு அம்மாவின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். இன்னும் கொடுக்கவில்லை.