டோக்கியோ ரிகுகியென் இலையுதிர்கால இரவு விளக்கு: வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

பொன்மலைப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் நிஷி கசாயில் இருக்கேன். அப்பாவும் அம்மாவும் நவம்பர் 20 வாக்கில் திருச்சியிலிருந்து வர்றாங்க, மூணு வாரம் இருப்பாங்க. ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாடு. ஆபீஸில் பக்கத்து சீட் ஜப்பான்காரர், கோமகோமேயில் ரிகுகியென்னு ஒரு பழைய தோட்டம் இருக்கு, இலை சிவக்கிற சமயத்தில் ராத்திரி விளக்கு போடுவாங்க, கட்டாயம் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றார்.

அப்பாவுக்கு 71. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். நடக்கச் சொன்னா நடப்பார். ஆனா ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் இதில் என்ன விசேஷம்னு சொல்லலைன்னா, கொஞ்ச நேரத்தில் "சரி, கிளம்பலாமா"ன்னு ஆரம்பிச்சுடுவார். அம்மாவுக்கு 66, முழங்கால் வலி. ஏறிடுவாங்க, இறங்குறதுதான் சிரமம்.

வீடியோவில் பார்த்தேன். மரத்தடியில் லைட் வெச்ச மாதிரிதான் தெரியுது. மலைக்கோட்டை தெப்பக்குளத்தில் தெப்பத்தன்னைக்குப் போடுற சீரியல் லைட்டைப் பார்த்து வளர்ந்தவங்க அவங்க. இது சப்புன்னு இருக்குமோன்னு பயமா இருக்கு. இருட்டில் அம்மாவால் நடக்க முடியுமா? குளிர் எப்படி? உள்ளே சைவமா ஏதாவது கிடைக்குமா? போனவங்க சொல்லுங்க.

ஷிபுயா சேகர்:

உண்மையைச் சொல்றேன் ப்ரோ, வேண்டாம். டிக்கெட், க்யூ, இருட்டு, ஜல்லிக்கல் பாதை. இதுக்குப் பதிலா ரொப்போங்கி ஹில்ஸ் கெயாகிஸகா போங்க. தெரு ரெண்டு பக்கமும் மரம் முழுக்க நீலமும் வெள்ளையுமா எல்ஈடி, நேரா பார்த்தா டோக்கியோ டவர். நல்ல நடைபாதை, காசு கிடையாது. எங்க அம்மா அங்கேயிருந்து வீடியோ கால் போட்டு ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் காட்டினாங்க. இலைதான் பார்க்கணும்னா பகலில் மெய்ஜி ஜிங்கு கைஎன் கிங்கோ மரச் சாலை. 300 மீட்டர் நேர் ரோடு, முழுக்க மஞ்சள், அதுவும் இலவசம்.

மதில் பக்கத்து வீடு:

பொன்மலைத் தம்பி, கூட்டிட்டுப் போங்க. ஆனா ராத்திரிக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க.

எங்க வீடு அந்தத் தோட்டத்து செங்கல் மதிலை ஒட்டின தெருவில்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து கோமகோமேதான். வருஷ பாஸ் வெச்சிருக்கேன், காய்கறிப் பையோடவே உள்ளே போயிட்டு வருவேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போற வேலை என்னோடதுதான். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதலில் ஒரு விஷயம். எல்லாரும் இரவு விளக்கில் இலை பார்க்கப் போறாங்க. இலை பார்க்க நல்ல நேரம் பகல். நவம்பர் கடைசியில் இங்கே நாலரைக்கே சூரியன் இறங்கிடும். மூணு மணிக்குச் சாய்வெயில் மேப்பிள் இலைக்குப் பின்னாலிருந்து வரும்போது பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு ஒரே கிளையில் நாலு நிறம் தெரியும். ராத்திரி கீழேயிருந்து விளக்கு அடிச்சா அந்த நாலும் ஒண்ணா குழைஞ்சு ஒரே காவி நிறமாயிடும். வீடியோ பார்த்து உங்களுக்குத் தோணினது சரிதான்.

அப்போ ராத்திரி எதுக்குன்னா, குளத்துக்கு. நடுவில் பெரிய குளம், அதில் திட்டுகள், கரையெல்லாம் வளைச்சு வளர்த்த பைன். காத்தில்லாத ராத்திரியில் எதிர்க்கரை மரம் மொத்தமும் தண்ணியில் தலைகீழா நிக்கும். கரை எது, தண்ணி எதுன்னு கொஞ்ச நேரம் கண்ணுக்குப் பிடிபடாது. பகலில் போனவங்களுக்கு இந்தக் குளம் இவ்வளவு பெரிசான்னு அப்போதான் தோணும், ஏன்னா சுத்தியிருக்கிற மாடிக் கட்டடமெல்லாம் இருட்டில் காணாமப் போயிடும். இன்னொரு இடம் சுய்கோஎ. தண்ணி இல்லாம கல்லை மட்டும் அடுக்கி ஓடை மாதிரி காட்டியிருப்பாங்க. அங்கே நீல விளக்கு போட்டு மெல்லிசா பனி மூட்டம் விடுற வழக்கம் உண்டு. தண்ணி ஓடுற மாதிரியே இருக்கும். அம்மாவுக்கு அது பிடிக்கும், பாருங்க.

பழைய கிடங்குச் சுவர் மேல படம் ஓட்டுறதும் சமீப வருஷங்களில் வந்திருக்கு. எனக்கு அது ஒட்டவே இல்ல. நின்னு பார்க்குறவங்க இருக்காங்க, நான் தாண்டிப் போயிடுவேன்.

இப்போ அப்பா. பொன்மலை ஒர்க்‌ஷாப்காரருக்கு இலையைக் காட்டினா கிளம்பலாமான்னுதான் கேட்பார். வேலையைக் காட்டுங்க. இது இயற்கையா அமைஞ்ச இடம் இல்ல, வெறும் சமதரை. அப்போ நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர், ஐந்தாவது தோக்குகாவா ஷோகன் சுனயோஷி, 1695-இல் இந்த நிலத்தைத் தன் நம்பிக்கைக்குரிய யானாகிசாவா யோஷியாசுவுக்குக் கொடுத்தார். அவர் குளத்தை வெட்டி, மண்ணைக் கொட்டிக் குன்று எழுப்பி, செங்கவா கால்வாயிலிருந்து தண்ணி கொண்டுவந்து, ஏழு வருஷம் வேலை பார்த்து 1702-இல் முடிச்சார். எல்லாம் கையால் வெட்டினது. வாக்காங்கிற பழைய ஜப்பானியக் கவிதைகளில் வர்ற இடங்களை 88 காட்சிகளா தரையில் அமைச்சதா சொல்வாங்க. (இந்த சுனயோஷிதான் நாயை அடிச்சாக்கூட தண்டனைன்னு சட்டம் போட்டவர். தெருநாய்க்குச் சோறு வைக்கிற ஆள் வீட்டில் இருந்தா அவங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.)

அப்புறம் தோட்டம் பாழாகிக் கிடந்து, 1878-இல் மிட்சுபிஷியை ஆரம்பிச்ச இவாசாகி யாத்தாரோ வாங்கினார். எங்க தெருவைப் பார்த்திருக்கிற செங்கல் மதில் அந்தக் குடும்பத்துக் காலத்தது. 1938-இல் நகரத்துக்கே கொடுத்துட்டாங்க. குண்டுவீச்சில் டோக்கியோவில் பாதி எரிஞ்சப்போ தப்பின ஒரு சின்ன குடில் உள்ளே இருக்கு, சுட்சுஜி சாயா (சாயான்னா டீக் குடில்). அசேலியா செடியோட பழைய கட்டையை வெச்சுக் கட்டினது. அசேலியா நேரா வளர்ற மரமே இல்ல. கோணல் மாணல் கட்டையை எப்படிப் பொருத்தியிருக்காங்கன்னு ஃபிட்டர் ஒருத்தர் நின்னு பார்த்தா நகரமாட்டார். இதெல்லாம் பகலில்தான் தெரியும்.

அம்மா முழங்கால்: சுத்துப்பாதை ஜல்லி, ஆனா சமம். குச்சி வெச்சுக்கிட்டு நடக்குற பாட்டிகள் நிறைய வருவாங்க. ஃபுஜிஷிரோ குன்று மட்டும் வேண்டாம், கல்படி, இறங்கும்போது வலிக்கும். கைப்பிடி இல்லாத கல்பாலம் ஒண்ணு இருக்கு, தோகெட்சு, ரெண்டே ரெண்டு பெரிய கல்லைப் போட்டு வெச்சது. பகலில் அப்பா போகட்டும், அம்மா சுத்தி வரட்டும்.

சாப்பாடு: ஃபுகியாகே சாயாவில் குளத்தைப் பார்த்து உட்கார்ந்து மாட்சா (பச்சைத் தேயிலைத் தூள் டீ) குடிக்கலாம், கூட ஒரு பயறு இனிப்பு வைப்பாங்க. மாட்சா கசக்கும், இனிப்பை முதலில் சாப்பிடச் சொல்லுங்க. விளக்கு சமயத்தில் கடை போட்டா அமசாகே வாங்கிக் கொடுங்க. அரிசியில் செஞ்ச சூடான இனிப்புக் கஞ்சி, சாராயம் இல்லாத வகையான்னு மட்டும் கேட்டுக்கோங்க. ஓதேன்னு கொதிக்கிற குழம்பு இருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க, அதில் முள்ளங்கியும் முட்டையும்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனா குழம்பே மீனில் செஞ்சது.

சேகர் சொன்ன கெயாகிஸகா நல்ல இடம்தான், குறை சொல்லலை. ஆனா அந்த மாதிரி விளக்கைத் துபாயிலும் பார்க்கலாம், சிங்கப்பூரிலும் பார்க்கலாம்.

ஷிபுயா சேகர்:

அக்கா சொன்னா மறுபேச்சு இல்ல :) ஆனா பகலுக்கு ஒரு டிக்கெட், ராத்திரிக்கு ஒரு டிக்கெட்டா? முன்னெல்லாம் பகலில் போனவங்க அப்படியே உள்ளே இருந்து விளக்கும் பார்த்துட்டு வந்தோமே.

மதில் பக்கத்து வீடு:

அந்தக் காலம் போச்சு சேகர். சமீப வருஷங்களில் பகல் ஆட்களை வெளியே அனுப்பிட்டு, ராத்திரிக்குத் தனி டிக்கெட் போடுறாங்க. பகல் 300 யென், 65 வயசு ஆயிருந்தா 150. தம்பி, அப்பா அம்மா பாஸ்போர்ட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க. ராத்திரி டிக்கெட் அதைவிட நல்லாவே கூட, முன்கூட்டி வாங்கினா கொஞ்சம் குறையும். தேதியும் நேரமும் வருஷா வருஷம் மாறும். நவம்பர் கடைசியில் ஆரம்பிச்சு டிசம்பர் முதல் வாரம் வாக்கில் முடியும். பூங்கா இணையதளத்தில் பார்த்துட்டு வாங்குங்க.

முக்காலி இல்லாதவன்:

போட்டோ பத்தி யாரும் சொல்லலை. ட்ரைபாட் கூடாது, மோனோபாடும் (ஒத்தைக்கால் ஸ்டாண்ட்) கூடாது. கேமரா இருந்தா குளக்கரை மூங்கில் வேலியில் முழங்கையை ஊன்றாதீங்க, ஆடும், காவலரும் திட்டுவார். மூச்சை விட்டுட்டு எடுக்கணும். போனே போதும், நைட் மோட் போட்டு, திரையில் விளக்கு இருக்கிற இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைச்சுடுங்க. இல்லைன்னா போன் இருட்டைப் பகலாக்கப் பார்க்கும், இலையெல்லாம் வெளுத்துப் போகும். ஃப்ளாஷ் அணைச்சிருக்கான்னு அப்பா போனிலும் பாருங்க. எங்க அப்பா ஃப்ளாஷ் அடிச்சதில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

பிரதிபலிப்பு படம் வேணும்னா கரையில் குனிஞ்சு, போனைத் தலைகீழாப் பிடிச்சு, லென்ஸ் தண்ணிக்குப் பக்கத்தில் வர்ற மாதிரி எடுங்க.

பொன்மலைப்பையன்:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா எல்லாருக்கும். அசேலியா கட்டைக் குடில் விஷயத்தைப் போனில் சொன்னேன். அப்பா உடனே "ஆணி அடிச்சிருக்கானா, அடிக்கலையா?"ன்னு கேட்டார். அதனால போறது உறுதி.

இன்னும் ரெண்டு சந்தேகம். பகல் முடிஞ்சு ராத்திரி திறக்குற வரைக்கும் இவங்களை எங்கே வெச்சுக்கிறது? வீட்டுக்குத் திரும்பி வர்றதுன்னா அம்மா மறுபடி கிளம்ப மாட்டாங்க. அப்புறம், அம்மா புடவைதான் கட்டுவாங்க. சுடிதார் போடச் சொன்னா சண்டை.

மதில் பக்கத்து வீடு:

புடவையே கட்டட்டும். உள்ளே ஒட்டினாப்போல் கால்வரைக்கும் வர்ற சூட்டு உள்ளாடை இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஒரு ஜோடி வாங்கிடுங்க. புடவை தரையில் தட்டாம ரெண்டு விரல் ஏத்திக் கட்டச் சொல்லுங்க, ஜல்லியில் மடிப்பு மாட்டும். ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும். நடக்கும்போது தெரியாது, குளக்கரையில் நிக்கும்போது பாதத்திலிருந்து ஏறும். செருப்பு கூடவே கூடாது, ஷூ.

நடுவில் இருக்கிற நேரத்துக்கு வழி சொல்றேன். டோக்கியோவை வட்டமா சுத்துற யாமனோத்தே ரயில் லைன் முழுக்க, 34.5 கிலோமீட்டரில், ஒரே ஒரு ரயில்வே கேட்தான் இருக்கு. அது கோமகோமேக்கும் தபாத்தாவுக்கும் நடுவில், ஸ்டேஷன் கிழக்கு வாசலிலிருந்து நடக்குற தூரம். அப்பாவை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்க. கேட் மூடும், வண்டி போகும், திறக்கும், ஆள் பாதி கடக்கிறதுக்குள்ள மறுபடி மணி அடிக்கும். என்ன விசேஷம்னு நீங்க சொல்லவே வேண்டாம். அம்மாவை அங்கே நிறுத்தாதீங்க, ஸ்டேஷன் பக்கத்தில் காபிக் கடைகள் இருக்கு, கால் நீட்டி உட்காரட்டும். அக்கம்பக்கம் பழைய சோமெய் கிராமம், ஊரெல்லாம் நிக்கிற சோமெய் யோஷினோ செர்ரிக்குப் பேர் கொடுத்த இடம். ஆனா அதைப் பார்க்க ஏப்ரலில்தான் வரணும்.

வழி: நிஷி கசாயிலிருந்து தோசாய் லைனில் இதாபாஷி, அங்கே நம்போகு லைன் மாறினா நாலாவது ஸ்டேஷன் கோமகோமே. இதாபாஷியில் மாறுற தூரம் அதிகம், எஸ்கலேட்டர் கீழே கீழே போகும். அவசரப்படுத்தாதீங்க. ஸ்டேஷனுக்கு நேர் எதிரே சோமெய் வாசல், அது விசேஷ நாட்களில்தான் திறக்கும். மூடியிருந்தா பெரிய ரோட்டில் மதிலோரமா ஏழெட்டு நிமிஷம் நடந்தா முதன்மை வாசல்.

ராத்திரி முழுச் சுத்து வேண்டாம். குளம், நீல ஓடை, திரும்பிடுங்க. மழை வந்தா அம்மாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க, ஈரக்கல் வழுக்கும். வெள்ளி, சனி வேண்டாம், செவ்வாயோ புதனோ பாருங்க. இப்பல்லாம் இலை சிவக்கிறது தள்ளித் தள்ளிப் போகுது, அதனால விளக்கு ஆரம்பிக்கிற முதல் வாரத்துக்கு டிக்கெட் வாங்கிடாதீங்க. இலை எப்படி இருக்குன்னு நவம்பர் 25 வாக்கில் நானே பார்த்து இங்கே எழுதுறேன்.

ஆணி விஷயமும் பார்த்து வெக்கிறேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியை எங்கிட்ட யாரும் கேட்டதில்ல.