கலைச்சொல் உதவி: ஆன்டிவைரஸில் வரும் “குவாரண்டைன்”, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திங்கள், திருநெல்வேலியிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலகத்தில், வீட்டில் கணினி வைத்திருப்பவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு சந்தேகமாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் பாடம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பதிவிறக்கம், கோப்பு நீட்சி (கோப்புப் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது), தீம்பொருள் (மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள்) எல்லாம் எழுதியாகிவிட்டது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைப் பிடித்தால் மூன்று வழி காட்டும்: நீக்கு, அனுமதி, குவாரண்டைன். மூன்றாவதற்கு என்ன போடுவது? 2020க்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த சொல் “தனிமைப்படுத்து”. ஆனால் அதே கையேட்டில் சாண்ட்பாக்ஸ் பற்றியும் இருக்கிறது, அதையும் “தனிமைப்பட்ட சூழல்” என்றுதான் விளக்கியிருக்கிறேன். சாண்ட்பாக்ஸில் கோப்பு ஓடும், ஆனால் வெளியே எதையும் தொடாது. குவாரண்டைனில் கோப்பு அழியாமல் இருக்கும், ஆனால் ஓடவே ஓடாது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் வகுப்பு குழம்பிவிடும்.

பொத்தானில் ஏவலாக நிற்க வேண்டும், பட்டியலின் தலைப்பில் பெயராகவும் நிற்க வேண்டும், திரும்ப எடுப்பதற்கும் சொல் வேண்டும். “குவாரண்டைன் பண்ணிட்டேன், அப்ப அழிஞ்சிடுச்சா, இல்ல உள்ளேயே இருக்கா?” என்று கேட்பவருக்குப் பதில் அந்தச் சொல்லிலேயே இருந்தால் நல்லது.

திங்கள் இரவு, ஈரோட்டிலிருந்து

டீச்சர், வணக்கம். நான் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் கருத்து: குவாரண்டைன் என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள். அவர்கள் வீட்டுத் திரையில் அந்தச் சொல்தான் வரும். கையேட்டில் வேறு சொல் இருந்தால் பொத்தானைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

சொல்லைவிட முக்கியமான ஒன்று. போன வாரம் கடைக்கு வந்த மடிக்கணினியில் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தால் “கரண்ட் பில்.பிடிஎஃப்” என்று ஒரு கோப்பு, பிடிஎஃப் படத்தோடு. மேலே ‘வியூ’ பட்டியலில் கோப்பு நீட்சியைக் காட்டச் சொன்னேன். பெயர் “கரண்ட் பில்.பிடிஎஃப்.எக்ஸி” என்று நீண்டது. தெரிந்த நீட்சிகளை விண்டோஸ் தானாகவே மறைத்துவிடும், அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 2000 மே மாதம் ஊரெல்லாம் பரவிய ‘ஐ லவ் யூ’ புழுவும் இதையேதான் செய்தது. பார்ப்பவருக்கு டெக்ஸ்ட் கோப்பு, உள்ளே விபி ஸ்கிரிப்ட், அதாவது திறந்தாலே ஓடும் நிரல். கையேட்டில் முதல் பக்கத்திலேயே இதைப் போடுங்கள்.

கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கச் சொல்வதானால் ஒரு எச்சரிக்கையும் சேருங்கள். அங்கே ஏற்றும் கோப்பு மற்ற ஆய்வாளர்கள் கைக்கும் போகும். ஆதார் நகல், வங்கி ஆவணம் எதையும் ஏற்றக் கூடாது.

செவ்வாய், தஞ்சாவூரிலிருந்து

அன்புள்ள அம்மா, தம்பி,

ஒலிபெயர்ப்பது தேவையில்லை. நம்மிடம் “சிறை” இருக்கிறது. சிறை என்றால் கைதியின் அறை என்று இன்று நினைக்கிறோம். பழைய பொருள் தடுத்து நிறுத்துவது. “வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமையானும்” என்று தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்கிறதே, அங்கே கற்சிறை என்பது கல்லணை. வேகமாக வரும் வெள்ளத்தைத் தடுப்பது. “சிறைநலனும் சீரும் இலரெனினும்” என்ற குறளில் (499) சிறை என்பது அரண். வெள்ளத்தையும் பகையையும் தடுத்த சொல் ஒரு கோப்பைத் தடுக்காதா? சிறையிடு, சிறையகம், சிறைவிடு. மூன்றும் கச்சிதமாக நிற்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. வெனிஸ் நகரத்தில் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைத்ததால் வந்த பெயர் குவாரண்டைன். இத்தாலிய மொழியில் குவரந்தா என்றால் நாற்பது. நம் சித்த மருத்துவத்தில் பத்தியத்துக்கு நாள் கணக்கு “மண்டலம்”. நாற்பத்தெட்டு என்பார்கள், நாற்பத்தொன்று என்பாரும் உண்டு. ஆக “மண்டலமிடு” என்பதையும் பரிசீலிக்கலாம்.

போகிற போக்கில் ஒன்று. “தீம்பொருள்” வேண்டாம். தீம்பால், தீங்கனி, தீந்தமிழ் என்று தீம் வந்தால் இனிமை. தீமை ஈறு கெட்டால் தீக்குணம், தீச்செயல், தீவினை என்றுதான் வரும். தீநிரல் என்று எழுதுங்கள்.

செவ்வாய் இரவு, யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம் ஐயா, வணக்கம் ரீச்சர்.

தீம்பு என்றே தீமைக்கு ஒரு சொல் இருக்கிறது ஐயா, அதனால் தீம்பொருளை முழுக்கப் பிழை என்று தள்ள எனக்கு மனமில்லை. ஆனாலும் தீநிரல் நல்ல சொல், அதையே எடுக்கலாம்.

சிறை எனக்கு ஒத்துவரவில்லை. சிறையில் இருப்பவர் குற்றவாளி என்றே பாவனையாளர் விளங்கிக்கொள்வார். இங்கே குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. 2010 ஏப்ரலில் பெயர்பெற்ற ஒரு ஆன்டிவைரஸின் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. உலகம் முழுக்கக் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. தவறாகப் பிடிபட்டதைத் திரும்ப எடுக்கத்தான் இந்த வசதியே இருக்கிறது. அந்த நியாயத்தில் பார்த்தால் “தடுப்புக்காவல்” பொருத்தமாகத் தெரியும். தயவுசெய்து அதைப் பரிந்துரைக்காதீர்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வீடு திரும்பாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பொத்தானில் அதைப் பார்க்க எங்களால் முடியாது.

“ஒதுக்கு” என்று யாராவது எழுதப்போகிறீர்கள் என்று தெரியும். நினைவக ஒதுக்கீடு என்று அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. “விலக்கு” அதைவிட ஆபத்து. ஆன்டிவைரஸில் விலக்குப் பட்டியல் என்றால் சோதிக்காமல் விட வேண்டிய கோப்புகளின் பட்டியல். விலக்கிவை என்று எழுதினால் நேர் எதிரான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

மண்டலம் என்றதும் மண்டபம் நினைவுக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை, நோய் கொண்டுவருவார்கள் என்று, கடல் தாண்டுவதற்கு முன் நிறுத்திவைத்த இடம் மண்டபம் முகாம். அந்த ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் ‘கேம்ப்’ இருக்கிறது. நம் ஆட்கள் உடம்பாலே அறிந்த குவாரண்டைன் அது. அதை அவர்கள் தமக்குள் எப்படிச் சொன்னார்கள் என்று யாராவது பதிந்திருந்தால், நமக்குச் சொல் அங்கேயே கிடைக்கும். அதுவரை என் வாக்கு “தனிமைப்படுத்து”. சாண்ட்பாக்ஸுக்கு வேறு சொல் தேடுவோம்.

புதன், ஈரோட்டிலிருந்து

ஐயா, அண்ணா, நான் ஒலிபெயர்ப்பை விட்டுக்கொடுக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் நான் வாயால் எப்படிச் சொல்கிறேன் என்று யோசித்தேன். “புடிச்சு அடைச்சு வெச்சிருக்குங்க” என்றுதான் சொல்கிறேன். எங்கள் பக்கம் அடுத்தவர் காட்டில் மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பார்கள். மாடு சாகாது, மேயவும் முடியாது. உடையவர் வந்து கேட்டால் தண்டம் கட்டி ஓட்டிப்போகலாம். உள்ளே நடப்பதும் அதுதான். கோப்பை இருந்த இடத்திலிருந்து எடுத்து, ஓடாதபடி உருமாற்றி, வேறு நிரல் தொட முடியாத கோப்புறையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று குறித்துவைக்கும். கேட்டால் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைக்கும். “அடைத்து வை” போதும்.

புதன் இரவு, தஞ்சாவூரிலிருந்து

தம்பியின் சொல்லில் உயிர் இருக்கிறது. ஆனால் அடை என்பது சாதாரண வேர் அல்ல. கதவை அடைப்பதும் அடைதான், ஊரை அடைவதும் அடைதான். அடைமழை, அடைமொழி, அடைக்கலம் எல்லாம் இதன் கிளைகள். அடைக்கலம் என்றால் நாடி வந்தவரைக் காப்பது, இங்கே நாம் செய்வதற்கு மாறானது. முட்டை பொரிய வைப்பதும் அடைகாத்தல். நச்சுக் கோப்பை அடைகாத்தால் என்ன ஆகும்? இத்தனை பொருள் சுமந்த வேரைக் கலைச்சொல்லாக்குவது சரியா என்று கேட்கிறேன். சிறையில் இந்தக் குழப்பம் இல்லை.

வியாழன், யாழ்ப்பாணத்திலிருந்து

சிறைக்கும் இறகு என்று ஒரு பொருள் உண்டல்லவா ஐயா. பல பொருள் இல்லாத பழைய சொல் எது?

அடைத்து வை எல்லோருக்கும் விளங்கும், மறுக்கவில்லை. எனக்கு இருக்கும் பயம் வேறு. அடை என்றால் அதன் எதிர்ச்சொல் திற. கணினியில் திற என்றால் கோப்பை ஓட விடுவது. அடைத்ததை வெளியே எடுக்க “திறந்துவிடு” என்று யாராவது எழுதிவிட்டால், செய்யவே கூடாத ஒன்றைக் கையேடே செய்யச் சொன்னதாகிவிடும்.

வியாழன் இரவு, திருநெல்வேலியிலிருந்து

ஐயாவுக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. பள்ளியிலிருந்து வந்து எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். நாளை காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் இப்படி முடித்திருக்கிறேன்.

பொத்தானுக்கு “அடைத்து வை”. பட்டியலின் தலைப்பு “அடைத்து வைத்த கோப்புகள்”. திரும்ப எடுக்க “மீட்டெடு”. திற என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் எங்கேயும் போடவில்லை. முதல் முறை வரும் இடத்தில் “திரையில் குவாரண்டைன் என்று இருக்கும்” என்று ஒரு வரி சேர்த்தேன். தீம்பொருள் தீநிரலாகிவிட்டது. கோப்பு நீட்சியைக் காட்டச் செய்வது முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

“கடன் வசூல்.எக்ஸ்எல்எஸ்” என்ற உண்மையான கணக்குக் கோப்பையே ஆன்டிவைரஸ் பிடித்துவிட்டது என்று வைத்து ஒரு பயிற்சியும் எழுதியிருக்கிறேன். அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேள், அவர்தான் அனுப்பினார் என்று உறுதியான பிறகே மீட்டெடு. பயத்தில் நீக்கு பொத்தானை அழுத்திக் கணக்கைத் தொலைத்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

வெள்ளி, தஞ்சாவூரிலிருந்து

கையேடு நன்றாக அமையட்டும் அம்மா. என் மறுப்பை மட்டும் குழுவில் பதிந்துவையுங்கள். வினைத்தொடர் எவ்வளவு விளங்கினாலும் கலைச்சொல் ஆகாது. “அடைத்து வைக்கப்பட்டிருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை” என்று ஒரு தலைப்பு எழுதிப் பாருங்கள், பிறகு “சிறைக்கோப்புகள்” என்று எழுதிப் பாருங்கள்.

வெள்ளி, யாழ்ப்பாணத்திலிருந்து

“அடைகோப்புகள்” என்று வினைத்தொகையாக எழுதலாமே ஐயா. அடைத்த, அடைக்கிற, அடைக்கும் மூன்று காலத்துக்கும் பொருந்தும். ஆனால் நான் மொழிபெயர்க்கும் மென்பொருளில் இப்போதைக்குத் தனிமைப்படுத்துதான் இருக்கும். அதை மாற்ற வேண்டுமானால் இன்னும் பேச வேண்டும்.