கட்சி மாநாட்டு மலர் விளம்பரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கணக்குப்பிள்ளை:
ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். இயந்திர உதிரிபாகங்கள் செய்கிறோம். கம்பெனி தொடங்கி இன்னும் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. போன வாரம் வார்டு கவுன்சிலரின் ஆட்கள் வந்து, கட்சி மாநாட்டு மலருக்கு முழுப்பக்க விளம்பரம் 50,000 ரூபாய் என்று ரசீதுப் புத்தகத்தை நீட்டினார்கள். எங்கள் தொழில் உரிமம் வேறு இன்னும் புதுப்பித்து வரவில்லை. முதலாளி, "விளம்பரச் செலவு என்று எழுதிவிடு" என்கிறார். எங்களிடம் சரக்கு வாங்கும் அமெரிக்கக் கம்பெனியின் படிவத்திலோ, அரசியல் கட்சிக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று ஒரு கேள்வி. "இல்லை" என்று டிக் போடலாமா?

பட்டறைக்காரன்:
சட்டம் பார்த்தால் ஷட்டரே திறக்க முடியாது. ஆயுத பூஜைச் செலவு என்று எழுதிவிட்டுப் போங்கள்.

லா பாயிண்ட்:
வக்கீல் நான். லஞ்சத் தடுப்பு, கட்சி நன்கொடை விஷயத்தில் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வதுதான் பிழைப்பு. பூஜை யோசனையை விட்டுவிடுங்கள், மாட்டினால் முதலில் மாட்டுவது கணக்கில் அப்படிப் பொய்யாக எழுதியதில்தான்.

மலர் விளம்பரம் என்பதால் தப்பிக்கவும் முடியாது. கம்பெனிகள் சட்டம் பிரிவு 182, கட்சி வெளியிடும் மலரில் கொடுக்கும் விளம்பரத்தையும் நன்கொடை என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே கொடுத்தால், படிவத்தில் "இல்லை" என்று டிக் போட முடியாது. அதைவிட முக்கியம், மூன்று நிதியாண்டுகள் ஆகாத கம்பெனி கட்சிக்கு எதுவும் கொடுக்கவே கூடாது. மீறினால், கொடுத்த தொகையைப்போல் ஐந்து மடங்கு வரை கம்பெனிக்கு அபராதம். பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

பழைய கம்பெனி என்றாலும் இயக்குநர் குழு தீர்மானம் வேண்டும், கட்சியின் பெயரைக் கணக்கில் காட்ட வேண்டும், மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 2017இல் அந்த உச்சவரம்பை எடுத்தார்கள்; 2024 பிப்ரவரி 15 தேர்தல் பத்திரத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது.

படிவம் அனுப்பியவர்கள் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்றால், காக்னிசன்ட் விவகாரத்தைப் பாருங்கள். சென்னை வளாகத்தின் திட்ட அனுமதிக்காக 2014இல் 20 லட்சம் டாலர் லஞ்சத்தைக் கட்டுமான ஒப்பந்தக்காரர் வழியாகக் கொடுக்கச் சொல்லி, கூடுதல் வேலைக்கான பில் என்று மறைத்ததாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் சொன்னது. 2019இல் கம்பெனி, ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 2.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. வெளியாள் கொடுத்த பணம்தான், ஆனாலும் தப்பவில்லை. உங்கள் விஷயத்தில், அமெரிக்கக் கம்பெனிக்கு அந்த வெளியாள் நீங்கள்தான்.

ஊர்க்குருவி:
வெளிநாட்டில் லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அந்த அமெரிக்கச் சட்டத்தையே டிரம்ப் வந்து நிறுத்திவிட்டாரே?

லா பாயிண்ட்:
2025 பிப்ரவரியில் புது வழக்குகளைத்தான் நிறுத்தி வைக்கச் சொன்னார். ஜூனில் புது வழிகாட்டுதல் வந்து வேலை மறுபடி தொடங்கியது. சட்டம் அப்படியே இருக்கிறது. இங்கே இருக்கும் சட்டத்தை டிரம்ப் தொடவும் முடியாது.

கணக்குப்பிள்ளை:
சரி, முதலாளி சொந்தப் பணத்தில் கொடுத்தால்?

லா பாயிண்ட்:
தன் வங்கிக் கணக்கிலிருந்து கொடுத்து, கம்பெனி அதைத் திருப்பித் தராமல் இருந்தால் பிரிவு 182 வராது. ஆனால் உரிமம் நிலுவையில் இருக்கும்போது நான் கொடுக்கவே சொல்ல மாட்டேன். "இதைக் கொடுத்தால் அது நடக்கும்" என்று யாராவது வாய் திறந்தால் அது லஞ்சம். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி, ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்திக் கொடுக்கவைத்தால், ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் செய்தவர் தப்பிக்கலாம்.

அப்புறம், அந்த ஆட்களிடம் வாக்குவாதம் வேண்டாம். "கம்பெனி மூன்று வருஷம் ஆகவில்லை, சட்டப்படி கொடுக்க முடியாது, ஆடிட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று சொல்லுங்கள். ஆடிட்டரிடம் அதை உண்மையாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நாளைக்கே ஆடிட்டரைப் பார்க்கிறேன், நன்றி சார். முதலாளிக்கு இந்தத் திரியையே அனுப்பிவிட்டேன்.