காலஹாரியில் ஓவியர் தங்கினால் எறும்புத்தின்னிக்கு என்ன கிடைக்கும்?

தூரிகை: தென்னாப்பிரிக்காவின் காலஹாரிப் பாலையில் ட்ஸ்வாலு என்றொரு தனியார் காப்பகம் இருக்கிறது. 1,00,000 ஹெக்டேருக்கு மேல். ஆடுமாடு மேய்ந்த பண்ணைகளை வாங்கி, குறுக்கு வேலிகளைப் பிடுங்கி, நிலத்தைக் காட்டு விலங்குகளுக்கே விட்டிருக்கிறார்கள். அங்கே ஓவியர்களை அழைத்துத் தங்கவைக்கிறார்கள். அவர்கள் வரைந்த படங்களின் விற்பனை காப்பகத்தின் ஆய்வு அறக்கட்டளைக்குக் கைகொடுக்கிறது. எல்லாப் பாலைகளிலும் இப்படி ஓர் ஏற்பாடு வரவேண்டும் என்பது என் கட்சி.

கரிசல்மண்: எனக்கு உடன்பாடில்லை. அது ஓப்பன்ஹைமர் குடும்பத்தின் சொத்து, வைரத்தில் வந்த பணம். வசதி படைத்தவர்கள் மட்டுமே போய்த் தங்கக்கூடிய இடம். படம் வரைந்தால் முதலில் விளம்பரம் கிடைப்பது விடுதிக்குத்தான். ஓவியருக்கு ஆகும் செலவை அந்த அறக்கட்டளையின் எறும்புத்தின்னி ஆய்வுக்கே நேராகக் கொடுத்துவிடலாமே?

தூரிகை: கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எறும்புத்தின்னியை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? உடம்பெல்லாம் செதில் மூடிய, இரவில் திரியும் பிராணி. காலஹாரியின் குளிர்காலத்தில் மட்டும் இரவுக் குளிருக்கு ஒதுங்கி, பகலிலேயே இரை தேட வந்துவிடும். முன்கால்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்கால்களால் நடக்கும். 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த காட்டுயிர் வணிகக் கட்டுப்பாட்டு (CITES) மாநாட்டில் எட்டு வகை எறும்புத்தின்னிகளின் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை போட்டார்கள். அப்படியும் செதிலுக்காகக் கொல்வது நிற்கவில்லை. முகமே தெரியாத உயிருக்காக யார் வருத்தப்படுவார்கள்?

கரிசல்மண்: சரி, அதே நடையைப் பற்றியே பேசுவோம். தென்னாப்பிரிக்காவில் எறும்புத்தின்னிகளை அதிகம் கொல்பவற்றில் மின்வேலியும் ஒன்று. நிமிர்ந்து நடப்பதால் செதில் இல்லாத வயிறு கீழ்க்கம்பியில் படும். அதிர்ச்சியில் அப்படியே கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். சுருண்ட பிறகும் மின்சாரம் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும். பண்ணைகளிலும் காப்பகங்களிலும் இதுதான் நடக்கிறது. இதை வரைந்த படத்தை எந்த விடுதி தன் சுவரில் மாட்டும்?

நிழல்மரம்: நான் களத்தில் உட்கார்ந்து வரைபவள். ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டை நாலு நாள் வரைந்தபோதுதான், ஆண் பாதிக் கூட்டோடு நிறுத்திவிட்டு, பெண் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மீதியை முடிப்பது என் கண்ணில் பட்டது. காலஹாரியில் அதன் உறவுக்காரக் குருவி ஊரே சேர்ந்து, முள்மரத்தில் வைக்கோற்போர் கணக்காகக் கூடு கட்டும். நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள் அதில் குடியிருக்கும். இரண்டு நாள் விருந்தாளியாகப் போனால் அந்தக் கூட்டின் வெளிவடிவம்தான் கிடைக்கும். அதனால் தங்கத்தான் வேண்டும், கூடுதல் நாட்கள் தங்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. காலஹாரியில் முதலில் படம் செதுக்கியவர்கள் அங்கத்திய பழங்குடிகளான சான் மக்கள். 1999இல்தான் அவர்களில் ஒரு பிரிவான கோமானி சான் மக்களுக்கு அந்தப் பாலையின் தென்பகுதியில் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது அரசு. தடம் பார்த்தே விலங்கின் போக்கைச் சொல்பவர்கள் அவர்கள். அழைப்பு முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

தூரிகை: இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா. ஒப்புக்கொள்கிறேன்.

கரிசல்மண்: அப்படி என்றால் எனக்கும் பாதி சம்மதம். ஆனால் என்ன வரைவது என்பதில் விடுதி தலையிடக் கூடாது. கீழ்க்கம்பியில் சுருண்டு கிடக்கும் எறும்புத்தின்னியை ஒருவர் வரைந்தால், அந்தப் படமும் விற்பனைக்கு வரவேண்டும். அதுவரை மீதிப் பாதியைத் தரமாட்டேன்.