மத்திய அதிவேகப் பாதையின் கடவத்தை–மீரிகமத் துண்டு எப்போது முடியும்?

கேள்வி:
வவுனியாவில் வேன் வைத்து ஹயர் ஓடுகிறேன். மாதத்தில் மூன்று நாலு தடவையாவது மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஆட்களை ஏற்றிப் போவேன். இரவு பன்னிரண்டுக்கு வெளிக்கிட்டு, தம்புள்ளை தாண்டி, குருணாகலில் அதிவேகப் பாதையில் ஏறினால் வருத்தக்காரர் நித்திரை கொண்டுவிடுவார். மீரிகமவில் இறங்கியதோடு அந்த நித்திரை போய்விடும். பஸ்யாலவில் கண்டி வீதியைப் பிடித்து நிட்டம்புவ, யக்கல, கடவத்தை என்று பிரேக் மேல் பிரேக். மருந்தேற்றிவிட்டுத் திரும்பும்போது இன்னும் பாடு. போன கிழமை ஒரு அம்மா மூன்று இடத்தில் நிற்பாட்டச் சொல்லி வாந்தி எடுத்தார்.

வடக்குக்கு அதிவேகப் பாதை வரும் என்கிறார்கள், வரட்டும். எனக்கு இந்தத் துண்டுதான் அவசரம். நடுவைக் கட்டிவிட்டுக் கொழும்பு வாசலை ஏன் விட்டார்கள்? அது கட்டி முடிந்தால் மகரகம வரை அதிவேகப் பாதையிலேயே போகலாமா?

பதில் 1:
அண்ணை, எல்லாம் காசுப் பிரச்சினை. மீரிகம–குருணாகல் ஏறத்தாழ 40 கிலோமீற்றரும் உள்ளூர் வங்கிக் கடனில் கட்டியது, 2022 ஜனவரியில் திறந்தார்கள். கடவத்தை–மீரிகம 37 கிலோமீற்றருக்குச் சீன எக்ஸிம் வங்கிதான் கடன் கொடுத்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியதும் அந்தப் பணம் நின்றது, வேலையும் நின்றது. தூண்கள் மழையில் நனைந்தபடி கிடந்தன. 2025 செப்டெம்பரில்தான் திரும்பத் தொடங்கினார்கள்.

பதில் 2:
முடிந்தால் கடவத்தையில், கொழும்பைச் சுற்றிப் போகும் வெளிச்சுற்று அதிவேகப் பாதையோடு சேரும். அப்படியே கொட்டாவை போய் இறங்கலாம். அங்கிருந்து மகரகம கிட்டத்தான். அப்புறம் குருணாகல்–தம்புள்ளைத் துண்டும் திட்டத்தில் இருக்கிறது. அதையும் கேட்க வேண்டும், உங்கள் பயணத்தில் அந்தத் துண்டும் வருகிறதுதானே.

பதில் 3:
நான் மாத்தறை. எங்களுக்கும் தெற்கு அதிவேகப் பாதை துண்டு துண்டாகத்தான் வந்தது: 2011இல் காலி வரை, 2014இல் மாத்தறை, 2020இல் அம்பாந்தோட்டை. அம்மாவை மகரகமவுக்குக் கொண்டுபோன நாட்களில் கொட்டாவை வரை ஒரே ஓட்டம், ஒரு குலுக்கல் இல்லை. வடக்கு ஆட்களுக்கும் அது கிடைக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி தம்பிமார். வியாழன் இரவு அதே அம்மாவோடு போகிறேன். இந்த முறை பத்து மணிக்கே வெளிக்கிடுகிறேன், யக்கலவில் லொறி சேர முன்னம் கடவத்தையைப் பிடித்துவிடலாம்.